ஐயனாருக்கு ஏழு நாள் தவணை

முதியான்சே தெய்வத்துக்கே தவணை கொடுத்துவிட்டார் என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை காலையில் அகீலுக்குப் போனில் வந்தது.

உக்குவளையில் தன் வீட்டு வாசலில் நின்று அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு கையில் ரப்பர் குழாய், மறு கையில் போன். மறுமுனையில் அழகாயி. பல்லேகமவைத் தாண்டிக் காட்டோரத்தில் அவள் வீடு. சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்றுதான் பேசுவாள். அதனால் அவள் சொல்வது நல்ல செய்தியாக இருந்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வரும்.

"தம்பி, விசயம் தெரியுமா? முதியான்சே ஐயா மரத்த வெட்டப் போறாரு."

"எந்த மரம் அக்கா?"

"எந்த மரமா? நல்லாக் கேட்டீங்க. கொப்பு மரந்தான்! முந்தாநேத்து பொழுது சாய பால்சோறு வச்சு, வெளக்குக் கொளுத்தி, 'ஏழு நாள் தாறேன், வேற எடம் பாத்துக்கிட்டுப் போயிருங்க'ன்னு ஐயனார்கிட்டச் சொல்லிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில கோடாலி."

"ஏனாம்?"

"பொய் சொல்ற சாமி எதுக்குன்னு கேக்குறாரு. நாங்க சொன்னா காதுல ஏறல. நீங்க அவருக்கு வேண்டியவரு. வந்து ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சரிக்கா, பாக்கிறேன்" என்றான் அகீல்.

குழாய்த் தண்ணீர் அவன் செருப்பின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

ஐயனார் பொய் சொல்லவில்லை. மாத்தளை மாவட்டம் முழுவதிலும் அதை நிச்சயமாகத் தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் இப்போது தன் செருப்பைக் கழுவிக்கொண்டு நின்றான்.

* * *

அந்த மரத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். "இதுதானா?" என்பார்கள். ஓடைக்கரையில், காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் நிற்கும் ஒரு சாதாரண மருதமரம். ஒரு ஆளின் இரண்டு கைக்குள் அடங்கும் பருமன்தான். வானத்தைத் தொடுகிற உயரமெல்லாம் கிடையாது. ஆனால் தாழ்ந்து நீண்ட ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையில்தான் அத்தனையும்.

காட்டுக்குள் போகிறவன் யாராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு இலைக்கொப்பை ஒடித்து, அந்தக் கிளையில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிங்களவர்கள் ஐயநாயக்க தெய்யோ என்பார்கள். பழைய ஏலக்காய்த் தோட்டத்து லய வீட்டுத் தமிழ் ஆட்கள் ஐயனார் என்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான், காட்டுக்குச் சொந்தக்காரர். அவர் வீட்டுக்குள் நுழைகிறோம், சொல்லிவிட்டு நுழைகிறோம், அவ்வளவுதான். அகீலின் வாப்பா மிளகு வாங்க அந்தப் பக்கம் போன காலத்தில், அவரும் பிஸ்மில்லா சொல்லி ஒரு கொப்பைப் போட்டுவிட்டுத்தான் போவார் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள்.

வெளியே வரும்போது தன் கொப்பைத் தானே எடுத்து ஓடையில் விட வேண்டும். மற்றவன் கொப்பை மட்டும் தொடவே கூடாது. ஊர் பற்றியெரிந்தாலும் தொடக்கூடாது.

இதெல்லாம் வேடர் காலத்துப் பழக்கம். முதியான்சேயின் முன்னோர் வேடர்கள். மரத்தைப் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பார்த்துக்கொள்வது என்றால் கும்பிடுவது மட்டுமல்ல. கிளையில் ஒரு கொப்புத் தொங்கினாலும் அன்றைக்குக் காட்டோரத்தில் நெருப்பு இல்லை, வெடி இல்லை, பெரிய மரம் சாய்ப்பது இல்லை. உள்ளே ஆள் இருக்கிறான். முதியான்சே வந்து, கிளையைப் பார்த்து, "ஹரி, காடு காலி" என்று சொன்னால்தான் எதுவும் நடக்கும். சிங்களத்து ஹரி என்றால் சரி. ஆவணியில் வறண்ட கச்சான் காற்று திரும்புவதற்கு முன், ஊருக்கும் காட்டுக்கும் இடையில் உள்ள மானாப் புல்லை ஒரு பட்டி அளவுக்கு எரித்து வெறுந்தரையாக்குவார்கள். பெருந்தீ வந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சின்ன நெருப்புக்கும் மரத்தின் உத்தரவு வேண்டும்.

எத்தனை தலைமுறையாக இது நடந்தது என்று யாரும் எண்ணவில்லை. அந்தக் காட்டோரத்தில் ஒருத்தரும் தீயில் கருகியதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அகீல் வந்தான்.

வெளிநாட்டு ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைதோறும் வந்தான். மரத்தடியில் நிறுத்தி, கொப்பு விஷயத்தை ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னான். மற்றவர் கொப்பைத் தொடக்கூடாது என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவான். கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஆளுக்கு ஒரு கொப்பு ஒடித்துத் தொங்கவிட்டு, படம் எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வருவது வேறு பாதையில், நீர்வீழ்ச்சிப் பக்கமாக. வேன் அங்கே போய்க் காத்திருக்கும். தொங்கவிட்ட கொப்புகள் தொங்கினபடியே கிடக்கும்.

ஆடி மாதக் கடைசியில் முதியான்சே அவனை மறித்தார்.

"தம்பி, ஒங்க ஆளுங்க கொப்பு ரெண்டு கெழமையாத் தொங்குது. காத்து திரும்பப் போகுது, நான் புல்லு எரிக்க வேணாமா? அவங்க எல்லாம் இப்ப எங்க?"

"ஜெர்மனியில ஐயா."

"ஜெர்மனியில இருக்கிறவன் காட்டுக்குள்ள இருக்கான்னு மரம் சொல்லுது. நான் எதை நம்புறது?"

அகீல் சிரித்தான். அவரும் சிரித்தார். இனி ஒவ்வொரு தடவையும் தன் ஆட்களின் கொப்பைத் தானே எடுத்துத் துப்புரவாக்கி விடுவதாக அகீல் வாக்குக் கொடுத்தான். மூன்று சனிக்கிழமை சொன்னபடி செய்தான்.

நான்காவது சனிக்கிழமை, பதினான்கு பேர் வந்தார்கள். அரை மணி நேரத்திலேயே ஒரு பெண்ணின் காலில் அட்டை ஏறி, அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். கொப்பை எடுங்கள் என்று அகீல் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வேனில் போய் ஏறிக்கொண்டார்கள். பின்னேரத்துக்குள் சீகிரியா போக வேண்டும். அதற்குள் அழகாயி வீட்டில் குரக்கன் றொட்டியும் பலாக்காய்க் கறியும்.

அகீல் ஒரு கொக்கித் தடியால் கிளையை ஒரே இழுப்பில் வழித்தான். கீழே விழுந்ததை அள்ளும்போது கை தன்னால் எண்ணியது. ஆட்களை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிறவனுக்கு அது பழக்கம்.

பதினைந்து.

ஒரு கணம் நின்றான். அட்டைக்காரப் பெண் படம் சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவை தொங்கவிட்டிருப்பாள் என்று நினைத்தான். வேனில் ஹோன் அடித்தார்கள். பதினைந்தையும் ஓடையில் வீசினான்.

அந்தப் பதினைந்தாவது கொப்பு அழகாயியின் புருஷன் இராசமாணிக்கத்துடையது. விடிய முன்னமே தொங்கவிட்டுவிட்டுக் புளிக்குப் போடும் கொறக்காய் பொறுக்க மேட்டுச் சரிவுக்குப் போயிருந்தார்.

பதினொரு மணிக்கு முதியான்சே வந்து கிளையைப் பார்த்தார். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"ஹரி, காடு காலி" என்றார்.

* * *

அகீலின் ஆட்கள் றொட்டியை வாயில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் புகை எழுந்தது. அழகாயி கறிச்சட்டியோடு வெளியே வந்தாள். புகையைப் பார்த்தாள். சட்டி கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ, மனுசன் உள்ளுக்குல்ல இருக்காரு!"

காற்று அன்றைக்கே திரும்பிவிட்டது. பட்டியில் நிற்க வேண்டிய நெருப்பு சரிவில் ஏறிவிட்டது. மானாப் புல் நெருப்பு மேட்டில் ஓடும்போது மனிதன் ஓட முடியாது. அகீல் ஓடைக்கரை வரை ஓடினான். அதற்கு மேல் கால் வரவில்லை. முகத்தில் அடித்த சூட்டில் அப்படியே நின்றுவிட்டான்.

நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவர் முதியான்சே. அரை மணி நேரம் கழித்து இராசமாணிக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வற்றிய ஓடைப் பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் கிடந்திருக்கிறது. அதில் மனுஷன் தலையையும் உடம்பையும் நுழைத்துப் படுத்துவிட்டார். கால்களுக்கு இடம் இல்லை.

வெளிநாட்டு ஆட்களை அங்கேயே விட்டுவிட்டு அகீல் வேனை எடுத்தான். பின் சீட்டில் இராசமாணிக்கம், அவர் தலை அழகாயி மடியில். முன் சீட்டில் முதியான்சே. இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்டை என்று மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணி நேரம். வளைவுக்கு மேல் வளைவு.

"நான் பாத்தேன்" என்றார் முதியான்சே. அவர் புருவம் பொசுங்கியிருந்தது. "ரெண்டு தரம் பாத்தேன். கொப்பு இல்ல. என் கண்ணுக்கு முன்னால இல்ல."

"போட்டேன்..." என்று பின்னாலிருந்து முனகல் வந்தது. "நான் போட்டேனே..."

"போட்டிருந்தா இருந்திருக்குமே!" அழகாயி அழுதுகொண்டே கத்தினாள். "அவசரத்துல மறந்துட்டுப் போயிருக்கே. இப்ப போட்டேன் போட்டேன்னா? என்னைய தெருவுல விட்டுட்டுப் போகத்தானே பாத்த?"

அகீல் கியரை மாற்றினான்.

நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அடுத்த வளைவில் எதிரே ஒரு லொறி வந்தது. அதற்கடுத்த வளைவில் இராசமாணிக்கம் மயங்கிவிட்டார். ரத்தோட்டையில் போலீஸ்காரர் ஒருவர் வழிவிட்டு சல்யூட் அடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் அழகாயி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி அவரு செத்திருப்பாரு தம்பி."

கையைப் பிடித்து நன்றி சொல்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

இராசமாணிக்கம் பிழைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இனிச் சரிவு ஏற முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. எதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டார். "கதவ சாத்துனேனா?" என்பார். "சாப்புட்டேனா?" என்பார். கொப்புப் போட்டது அவர் கைக்கு ஞாபகம் இருந்தது. ஊரே இல்லை என்றது. கடைசியில் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அழகாயியும் விடவில்லை. மறந்துபோன கதையை வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாள்.

முதியான்சே தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அகீலே அவரை மாத்தளைக்கு அழைத்துப்போய்க் கண் பரிசோதனை செய்வித்தான். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்று துஆ கேட்டான். ஒரு பூ விழுந்திருக்கட்டும், சின்னதாக ஒரு மறைப்பு இருக்கட்டும், யா அல்லாஹ். இன்னொரு மனிதனின் பார்வை கெட்டிருக்க வேண்டும் என்று தன் வாயால் கேட்கும் நாள் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "இந்த வயசுல இப்படிக் கண்ணு எனக்கே இல்ல."

திரும்பும் வழியில் ரத்தோட்டை தாண்டியதும் முதியான்சே சொன்னார்.

"கண்ணு நல்லா இருக்கு. மாணிக்கம் பொய் சொல்ற ஆள் இல்ல. ஒங்க ஆளுங்க கொப்பத் தவிர மத்ததுல நீங்க கை வைக்க மாட்டீங்க. அப்படின்னா கொப்ப மறைச்சது யாரு?"

அகீல் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவர்தான்" என்றார் முதியான்சே, மேலே காட்டி. "எங்க அப்பா, அவங்க அப்பா எல்லாம் நம்புனவரு. என் காலத்துல பொய் சொல்லிட்டாரு."

அதன் பிறகுதான் அந்த ஏழு நாள் தவணை.

* * *

திங்கள் போனது. செவ்வாய் அன்று பல்லேகமவுக்குப் புறப்பட்டு, ரத்தோட்டையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். புதன் இரவுச் சாப்பாட்டில் மனைவி றிஸ்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"ஆறு கெழமையா இத வயித்துல வச்சிட்டா என்னோட உக்காந்து சோறு திண்டீங்க?"

"சொன்னா டூர் நிக்கும் றிஸ்னா. போலீஸுக்குப் போவாங்க. வேன் லீசிங் கட்ட வேற ஈக்கு."

"அந்த மனிசன் நெருப்புக்குள்ள போன நேரம் லீசிங் பாத்தா போன?"

அவன் சோற்றை விரலால் ஒதுக்கினான்.

"அல்லாஹ்க்குச் செஞ்ச பாவத்துக்கு முசல்லாவுல உக்காந்து அழலாம்" என்றாள் அவள். "மனிசனுக்குச் செஞ்சத மனிசன்ட வாசல்லதான் கேக்கணும். இங்க உக்காந்து தஸ்பீஹ் உருட்டி வேலை ஈக்காது."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய போறேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாலந்தாவுக்கு ஆறு பேர், உடனே வர முடியுமா? முடியும் என்றது வாய். அந்த ஆறு பேரை நாலந்தாக் கல் கோயிலில் இறக்கிவிட்டு, வேன் நிழலில் குந்தியிருந்தபோது தன்னையே அவனுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டது வேறு யாருமில்லை, போகாமலிருக்க ஒரு சாட்டுத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. அதுவாகக் கூப்பிடும்வரை காத்திருந்திருக்கிறான்.

சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று படுத்தான். உண்மையாகவே காய்ச்சல் அடித்தது.

ஞாயிறு சுபஹ் தொழுகை முடித்த கையோடு புறப்பட்டான். ரிவர்ஸ்டனில் மூடுபனி. ஒரு கை தூரத்துக்கு மேல் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அவன் நிற்கவில்லை. ஹோனை அழுத்திக்கொண்டே ஏறினான், அழுத்திக்கொண்டே இறங்கினான்.

எட்டு மணிக்கு ஓடைக்கரையில் வேனை நிறுத்திய உடனே மரத்தைத்தான் பார்த்தான். மரம் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னான். நேரத்துக்கு வந்துவிட்டோம்!

முதியான்சே ஒரு கல்லில் உட்கார்ந்து கோடாலி தீட்டிக்கொண்டிருந்தார். அழகாயி பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். இராசமாணிக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கட்டைகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள் அழகாயி. "இந்தாளுக்கு எடுத்துச் சொல்லுங்க. சாமி மரத்துல கோடாலி வச்சா வெளங்குமா?"

அகீல் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று பயந்தான்.

"ஐயா, ஐயனார் பொய் சொல்லல்ல. கொப்பு இருந்தது. மாணிக்கண்ணே போட்டது. நான்தான் எடுத்தேன்."

கல்லில் கோடாலி உரசும் சத்தம் நின்றது.

"அன்னைக்கு என்ட ஆளுங்க பதினாலு பேரு. நான் வழிச்சு எடுத்தது பதினஞ்சு கொப்பு. ஒண்ணு கூடன்னு தெரிஞ்சது. தெரிஞ்சும் தண்ணியில போட்டேன். நீங்க வந்து பாத்தப்ப மரம் வெறுமையாத்தான் இருந்திருக்கும். ஒங்க கண்ணுலயும் பிழை இல்ல, சாமியிலயும் பிழை இல்ல."

முதலில் அசைந்தவர் இராசமாணிக்கம். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

"அப்ப நான் போட்டேன்?"

"போட்டீங்கண்ணே."

"போட்டேன்ல? அழகாயி, போட்டேனாம்டி!" அவர் முகம் சிரித்தது. கண் நிறைந்து வழிந்தது. "நாவல் கொப்பு. ரெண்டு கவடு. இப்பக் கூட கையில இருக்கு பாரு. நான் போட்டேன்!"

அழகாயி புருஷனைப் பார்த்தாள். அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். ஆறு வாரம் ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னவள் அவள்தான். பிறகு அகீல் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வேன் ஓட்டுனது நீங்கதானே தம்பி" என்று மெல்லக் கேட்டாள். "இங்கேருந்து மாத்தளைக்கு எத்தன வளைவு? ஒரு வளைவுல சொல்லியிருக்கக் கூடாதா? இந்த மனுசனை நான் மறதிக்காரன்னு எத்தன பேருகிட்ட..."

பிளாஸ்கை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினாள். மூன்று கோப்பைதான் ஊற்றினாள்.

முதியான்சே கோடாலியின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்தவன் கொப்பத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே அவங்களுக்கு இங்கிலீசுல சொல்லுவீங்க?"

"ஓம் ஐயா."

"நல்லாச் சொல்லுவீங்க. எனக்குப் பாஷை வெளங்காது, ஆனா தூரத்துல நின்னு பார்ப்பேன். அவங்க மூஞ்சி மாறும். நம்ம ஆளுங்களை விட இவன் நல்லாச் சொல்றான்னு நெனைப்பேன்." அவர் தலையை ஆட்டினார். "கண்ணு காட்டிட்டு வந்த நாள்லேருந்து நான் தெய்யோவ ஏசுறேன். விடியக் காலையில எழும்பி ஏசுறேன். எங்க அப்பா ஒரு தரம் கூட அவர் பேரை உரக்கச் சொன்னதில்ல. நான் 'பொய்யன்'னு சொன்னேன்."

"பிழை எனக்குத்தான் ஐயா. மன்னிச்சிருங்க. இனி வெட்டத் தேவல்லதானே?"

முதியான்சே எழுந்து மரத்தருகே போனார். அடியில் தெய்வத்தை வழியனுப்ப நேற்று ஏற்றிய விளக்கின் திரி கருகிக் கிடந்தது. வாழையிலையில் பால்சோற்றை எறும்பு மொய்த்திருந்தது. தண்டில் உள்ளங்கையை வைத்தார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டப் போய், பூட்டியிருப்பதைப் பார்த்தவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"தவணை நேத்து பொழுதோட முடிஞ்சுது. அவர் போயிட்டார்."

"திரும்பக் கூப்பிட ஏலாதா?"

"கூப்பிட்ட ஒடனே வந்து நிக்க அவர் ஒங்க வேன் இல்ல தம்பி."

அழகாயி கூடச் சிரிக்கவில்லை.

"கூப்பிடலாம்" என்று தொடர்ந்தார் அவர். "வேற எங்கயாவது ஒரு மரத்தடியில கும்பிட்டு நின்னு, 'நாங்கதான் பிழை விட்டோம்'னு சொல்லலாம். வந்தாரா இல்லையான்னு எப்பத் தெரியும் தெரியுமா? அந்த மரத்த நம்பி உள்ள போனவன் ஒவ்வொருத்தனும் ஒழுங்கா வெளிய வரணும். ஒரு வருசம் இல்ல, ரெண்டு வருசம் இல்ல. மகன் காலம், பேரன் காலம். அதுக்குப் பிறகு ஒருத்தன் பார்த்து, 'இங்க தெய்யோ இருக்கார்'னு சொல்லுவான். அது வரைக்கும் வெறும் மரந்தான்."

"வெறும் மரம்னா அப்படியே நிக்கட்டுமே ஐயா. எதுக்கு வெட்டணும்?"

"நீங்களா கேக்குறீங்க?" முதியான்சே முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். "இது நின்னா நாளைக்கு யாராவது வந்து கொப்புத் தொங்கவிடுவான். தொங்கவிட்டாச்சு, இனிப் பயமில்லன்னு உள்ள போவான். பாக்க ஆள் இல்ல. நான் இனிப் பாக்க மாட்டேன், 'காடு காலி'ன்னு சொல்ற வாய் எனக்குப் போயிருச்சு. புல்லு எரிக்கிறதுன்னா இனிப் போன்ல கேப்போம்னு கூட்டத்துல முடிவெடுத்துட்டாங்க. மேட்டுச் சரிவுல போன் எடுக்காதுன்னு ஒருத்தனும் யோசிக்கல. ஆள் பாக்காத மரம் பன்னிக்குக் கட்டி வச்ச கட்டுத்துவக்கு மாதிரி. யாருக்கு வெடிக்கும்னு சொல்ல ஏலாது."

அகீல் திங்கட்கிழமை வந்திருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. செவ்வாய் வந்திருந்தாலும், வெள்ளி பின்னேரம் வந்திருந்தாலும், ஏன், நேற்றுப் பொழுது சாய்வதற்குள் காய்ச்சலோடு வந்து விழுந்திருந்தாலும் போதும். சொன்ன சொல் அதேதான் இருந்திருக்கும். மரத்தில் கேட்பதற்கு ஆள் இருந்திருப்பார்.

முதியான்சே வடக்கயிறு ஒன்றை எடுத்துத் தாழ்ந்த கிளைக்கு மேலே வீசித் தண்டில் முடிச்சுப் போட்டார்.

"பாதைப் பக்கம் சாஞ்சிருக்கு. ஓடைப் பக்கம் இழுத்து விழுத்தணும். மாணிக்கத்துக்குக் கால் ஏலாது. அந்த முனையப் பிடிங்க தம்பி."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அவர் குரலில் கோபம் இல்லை. ஆள் பற்றாக்குறைக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அகீல் ஓடையைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனான். கயிறு ஈரமாக இருந்தது. கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

முதல் வெட்டில் மேலே இருந்த குருவிகள் கிளம்பின. இரண்டாவது வெட்டில் வெள்ளைச் சில்லு ஒன்று பறந்து தண்ணீரில் விழுந்தது. முதியான்சே ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சை இழுத்து விட்டார். அழகாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புருஷன் கதிரையைப் பிடித்தபடி நின்றாள். இராசமாணிக்கம் மட்டும் தனக்குள், "போட்டேன்ல, போட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு தண்டுக்குள் ஏதோ முறிந்தது. கயிறு அகீலின் கையில் துடித்தது.

"இழுங்க!" என்று கத்தினார் முதியான்சே.

அகீல் காலைச் சேற்றில் ஊன்றினான். கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"பாதியில விட்டுறாதீங்க தம்பி. இழுங்க!"

அவன் இழுத்தான்.